இருபது நிமிடத்துக்குக் கட்டம் இல்லை

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பொறுமை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பதினோரு வருஷமாகக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வாங்கிய ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று தொலைபேசியில் குதிக்கிறவர்களிடம் "கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று நாளைக்கு எண்பது தடவை சொல்கிறவருக்கு வேறு எந்தப் பெயர் ஒட்டும்? அவரும் அதை ஏற்றுக்கொண்டார். மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டுமே.

அவர் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். இருபத்திரண்டு கட்டிலுக்கு ஒரு நர்ஸ். மகளுக்கு ஏழு வயது. வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவு சேட்டை. சமையலறைச் சுவரில் இரண்டு காகிதங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும். ஒன்று அவருடைய வாராந்திரப் பணிப் பட்டியல், இன்னொன்று மனைவியுடையது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் இவர்கள் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டிக்கொண்டிருப்பார். முக்கியமான பேச்செல்லாம் அந்தக் காகிதங்களின் ஓரத்தில் பென்சிலால் நடக்கும். "காலை 180. நாலு யூனிட் போட்டாச்சு." "சோப்பு தீர்ந்துவிட்டது." "கொஞ்சமாவது தூங்குங்க."

வாலுவுக்குச் சர்க்கரை நோய் வந்து ஒரு வருஷமாகிறது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி அல்ல, குழந்தைகளுக்கு வருவது. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடும், ஆயுசுக்கும் ஊசிதான். முதலில் காலையும் மாலையும் இரண்டு ஊசியோடு ஓட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் விளையாட்டு நேரத்தில் பிள்ளை வேர்த்து விறுவிறுத்து மைதானத்தில் சுருண்டு விழுந்தாள். அதற்குப் பிறகு மருத்துவர் முறையை மாற்றினார். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் விரலில் குத்திப் பார்த்து, அளவு பார்த்து ஒரு ஊசி, படுக்கப்போகும்போது இன்னொன்று. காலையும் மாலையும் எப்படியோ வீட்டில் ஒருவர் இருப்பார். மதியம்தான் தொண்டையில் முள்.

பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்தார்கள். வகுப்பு டீச்சர் தங்கமான பெண். ஆனால் ஊசியைக் கண்ணால் பார்த்தாலே மயக்கம் வரும் ரகம். தலைமையாசிரியை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் சார் பதில் சொல்றது? நீங்களே வந்து போட்டுட்டுப் போங்க. கேட்டுல யாரும் தடுக்க மாட்டாங்க."

சொந்தபந்தம் எல்லாம் வேறு வேறு ஊரில். மனைவியின் மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தவிர, சரியாக அந்த நேரத்தில்தான் அவள் வார்டில் வரிசையாக ஊசி போட்டுக்கொண்டிருப்பாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்வார்கள். "தானே வளருமாம்" என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

மிஞ்சியது பொறுமைதான். பள்ளிக்கூடம் அவர் அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஓடினால் ஆறு நிமிஷம். ஊசிக்கு ஏழெட்டு நிமிஷம். திரும்பி ஓடிவர ஆறு. ஆக இருபது நிமிஷம்.

இருபது நிமிஷம் கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. ஆனால் அறுபது பேர் உட்கார்ந்து தொலைபேசி எடுக்கும் அந்தக் கூடத்தில் இரண்டு நிமிஷத்துக்குக்கூடக் கணக்கு உண்டு. நாற்காலியை விட்டு எழுந்தால் ஒரு எண்ணை அழுத்திவிட்டுத்தான் எழ வேண்டும். ஒன்று, தேநீர். இரண்டு, கழிப்பறை. மூன்று, பயிற்சி. நான்கு, கூட்டம். சாப்பாட்டு நேரம் யாருக்கு எப்போது என்பதை ஒரு மெஷின் முடிவு செய்யும். இன்று பதினொன்றரை என்றால் நாளை இரண்டே முக்கால். மெஷினுக்கு வயிறு கிடையாது, பிள்ளை கிடையாது. கைப்பேசியை வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு வரிசையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் இரண்டாம் எண்ணை அழுத்தலாம். அவர் திரும்பி வருகிறவரை மற்ற பதினொரு பேரும் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பொறுமை இரண்டை அழுத்தினார். அழுத்திவிட்டுக் கழிப்பறைப் பக்கம் நடந்து, திருப்பத்தில் பின்படிக்கட்டு வழியாக இறங்கி, சட்டைப்பையில் இன்சுலின் பேனாவும் விரல் குத்தும் கருவியுமாக ஓடினார். இப்படியே எட்டு மாதம்.

அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரியைச் சரவெடி என்பார்கள். நான்கு நிமிஷத்தில் முடிக்க வேண்டிய அழைப்பை இரண்டு நிமிஷத்தில் படபடவென்று பேசி முடித்துவிடுவாள். முதல் பிள்ளை வயிற்றில். தேநீர் மெஷினுக்கு மேலே நிறுவனம் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. தோளில் குழந்தையைச் சுமந்துகொண்டு ஒரு அப்பா பல் தெரியச் சிரிக்கிறார், கீழே "உங்கள் குடும்பம் எங்கள் குடும்பம்" என்று கொட்டை எழுத்து. அதைப் பார்த்துச் சரவெடி சொல்வாள்: "எங்க குடும்பம்னா ஒருநாள் வந்து பாத்திரம் கழுவிட்டுப் போகச் சொல்லுங்கண்ணா."

படத்தில் இருப்பது முழுப் பொய்யும் அல்ல. பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு பன்னிரண்டு வாரம், அப்பாவுக்கு மூன்று நாள், வீட்டில் யாராவது மருத்துவமனையில் படுத்தால் வருஷத்துக்கு ஐந்து நாள் என்று விடுப்பு உண்டு. வாலு மைதானத்தில் விழுந்தபோது பொறுமைக்கு அந்த ஐந்து நாள் சம்பளத்தோடு கிடைத்தது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அதோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. நோய் முடியவில்லை.

சரவெடிக்கு ஆறாம் மாதம் ஆனபோது ஒருநாள் அவர் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். அவள் அரைக் கண்ணால் பார்த்தாள்.

"அண்ணா, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. உள்ள என்ன தனிக்குடித்தனமா நடத்துறீங்க? இங்க எனக்கு உயிர் போகுது."

"வயிறு சரியில்லம்மா. மன்னிச்சுக்கோ."

அவள் இரண்டை அழுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். அவருக்கு அன்றைக்கு முழுக்க வாய் கசந்தது. ஆனாலும் மறுநாள் பன்னிரண்டு பத்துக்கு விரல் தானாக இரண்டுக்குப் போயிற்று.

மெஷின் சும்மா இருக்குமா? மாதக் கடைசியில், இந்த ஊழியர் ஒரு தடவை கழிப்பறை போனால் சராசரி பத்தொன்பது நிமிஷம் என்று சூப்பர்வைசரின் மேசைக்கு அறிக்கை போயிற்று. சூப்பர்வைசர் நாற்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். கூப்பிட்டு உட்காரவைத்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இதை எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. உடம்புக்கு ஏதாவதுன்னா மறைக்காதீங்க. கம்பெனி டாக்டர் கிட்ட ஒரு சீட்டு எழுதித் தரேன்."

கம்பெனி டாக்டர் முடி நரைத்த மனிதர். ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியைக் கையில் கொடுத்து அனுப்பினார். இல்லாத வியாதிக்குப் பொறுமை குப்பியை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காகிதத்தை எடுத்தார்.

"அடிக்கடி போகவேண்டி வருதுன்னா முதல்ல சுகரைத்தான் பாக்கணும். வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?"

"பொண்ணுக்கு."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "பொண்ணுக்கா? என்ன வயசு?"

"ஏழு."

டாக்டர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். வேர்வையில் உப்புப் பூத்த காலர், தேய்ந்த ஷூ, சட்டைப்பையில் எட்டிப்பார்க்கும் இன்சுலின் பேனாவின் மூடி. "பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்கோ?" என்றார்.

"ரெண்டு தெரு, டாக்டர்."

டாக்டர் சீட்டில் எழுதினார்: "மருத்துவக் காரணத்தால் இவருக்குக் கூடுதல் நேரம் தேவை." கையெழுத்துப் போட்டு நீட்டும்போது, "இது எத்தனை நாளைக்குத் தாங்கும்னு எனக்கும் தெரியல" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அதுதான் வினையாகவும் முடிந்தது. சீட்டு இருந்ததால் பொறுமையை யாரும் கேட்கவில்லை. வரிசையில் மற்றவர்கள் காத்திருக்கும் நேரத்தைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை.

சரவெடிக்கு எட்டாம் மாதம். அன்றைக்கு வாலுவின் ரத்தத்தில் சர்க்கரை அறுபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. முதலில் பழச்சாறு கொடுத்து, கால் மணி நேரம் காத்திருந்து, மறுபடி குத்திப் பார்த்து, அதற்குப் பிறகே ஊசி போட முடிந்தது. அவர் படியேறி வரும்போது முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

பக்கத்து மேசைக்கு முன்னால் நாற்காலி இல்லை. துப்புரவுக்கார அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் பொறுமையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. முன்னால் இருந்தவர்தான் தலையைத் திருப்பாமலே மெல்லச் சொன்னார்: "பாவம், சரவெடி நாலு தடவை கையைத் தூக்குச்சு. ரெண்டு நம்பர் ஃப்ரீ ஆகலைன்னுட்டாங்க. லைன்ல இருந்த ஆளும் போனை வைக்கல. உக்காந்தபடியே ஆயிடுச்சு. அதோடயே அந்த அழைப்பை முடிச்சுட்டுத்தான் எழுந்துச்சு."

அவருடைய ஹெட்செட்டில் அடுத்த அழைப்பின் மணி கேட்டது. "வணக்கம்" என்று சொல்ல வாயைத் திறந்தார். எதிர்முனையில் ஒருவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவளுக்காகக் காத்து நின்றார். அவள் யாரிடமோ இரவல் வாங்கிய உடையில், துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் உள்ள இல்லம்மா" என்றார் அவர். "அந்த நேரத்துல நான் கட்டடத்துலயே இல்ல." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வழக்கமாக அடுத்தவர் சொல்வதை எழுதிக்கொள்கிறவர். தன் கதையைச் சொல்லிப் பழக்கமில்லாததால் முன்னும் பின்னுமாக வந்தது.

"எத்தனை மாசமா ஓடுறீங்க?"

"எட்டு."

"எனக்கும் எட்டு" என்றாள் அவள். "ஏண்ணா, பன்னெண்டு பத்துக்கு நீங்க போவீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் பன்னெண்டுக்கே போயிட்டு வந்திருக்க மாட்டேனா? வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடு?"

"பயம்மா. போன வருஷம் அம்மாவைப் பாத்துக்கணும்னு போய்க் கேட்டாரே ஒருத்தர், மூணாவது வரிசை... அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவே இல்ல."

அவளுக்கும் அது தெரியும். இரண்டு பஸ் வந்து போயிற்று, இருவருமே ஏறவில்லை. கடைசியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு நானும் வரேன். சேர்ந்து போய்ச் சொல்லுவோம். என் மானம் போனது போனதுதான். சும்மா போச்சுன்னு இருக்கக் கூடாது."

மறுநாள் மனிதவள அதிகாரியின் அறையில் சூப்பர்வைசரோடு சேர்த்து நான்கு பேர் உட்கார்ந்தார்கள். அதிகாரி இளைஞர், கெட்டவர் இல்லை. நடந்ததைக் கேட்டு அவர் காது சிவந்தது. சரவெடியிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். கர்ப்பிணிகள் இனி எந்த எண்ணையும் அழுத்தாமல் எழுந்து போகலாம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது மட்டும் சுலபமாக முடிந்தது. பிறகு பொறுமையின் பக்கம் திரும்பி விடுப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்தார்.

"உங்க அஞ்சு நாளும் எடுத்துட்டீங்க சார். சொந்த விடுப்பு ஒன்பது நாள் இருக்கு. அரை அரை நாளா எடுத்தா பதினெட்டு மதியம் வரும்."

"பள்ளிக்கூடம் வருஷத்துக்கு இருநூறு நாள், சார். எனக்கு லீவே வேண்டாம். இருபது நிமிஷம் போதும்."

"லீவுன்னா முழு நாள், இல்ல அரை நாள். இருபது நிமிஷத்துக்கு இதுல கட்டமே இல்லையே."

"அப்ப என் சாப்பாட்டு நேரத்தைப் பன்னெண்டு பத்துக்கு வச்சுடுங்க. நான் சாப்பிடக்கூட வேண்டாம்."

"அதை மெஷின் போடுது."

"மெஷின் கிட்ட யார் பேசறது?" என்றாள் சரவெடி.

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், வீட்ல லேடீஸ் யாரும் இல்லையா?"

"இருக்காங்க. அந்த நேரத்துல ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஊசி போட்டுட்டு இருக்காங்க."

தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று அதிகாரி சொன்னார். அப்படிச் சொல்லப்பட்டவை எல்லாம் போகும் கிணறு எதுவென்று எல்லோருக்கும் தெரியும். வெளியே வந்ததும், அதுவரை வாயே திறக்காத சூப்பர்வைசர் தாழ்வாரத்தில் அவரை நிறுத்தினார்.

"காலையில எட்டு மணிக்குப் பட்டியல் முதல்ல என் கைக்குத்தான் வரும். உங்க நேரத்தை நானே மாத்தி விட்டுடறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. எழுத்துல மட்டும் கேக்காதீங்க." ஒரு கணம் நின்று சேர்த்துக்கொண்டார்: "என் பையன் சின்னவனா இருந்தப்ப எனக்கு யாரும் மாத்தி விடல."

ஐந்து வாரம் அப்படியே ஓடியது. பொறுமை பன்னிரண்டு பத்துக்கு நேர்மையாக எழுந்து, நேர்மையாக ஓடி, ஊசி போட்டுவிட்டு வந்து, மிச்சமிருக்கும் பத்து நிமிஷத்தில் நின்றபடி சாப்பிட்டார். தயவில் கிடைத்தது தயவு இருக்கிறவரைதான். ஆறாவது வாரம் ஒருநாள் சூப்பர்வைசரின் மகனுக்கே காய்ச்சல் கண்டு அவர் வரவில்லை. மெஷின் போட்ட பட்டியல் அப்படியே வந்தது. பொறுமைக்குச் சாப்பாடு இரண்டு நாற்பதுக்கு.

பன்னிரண்டு பத்துக்கு இரண்டை அழுத்தினார். வேறு யாரோ ஏற்கெனவே போயிருந்தார்கள். பன்னிரண்டே கால். பன்னிரண்டு இருபத்தைந்து. அதற்குள் ஒரு அழைப்பு வந்தது. புது ஃப்ரிட்ஜின் கதவு இடப்பக்கம் திறக்கிறது, வலப்பக்கம் திறக்க வேண்டும் என்று ஒருவர் பதினாறு நிமிஷம் பேசினார். "கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க" என்று தன் வாய் சொல்வது பொறுமைக்கே கேட்டது. பன்னிரண்டு ஐம்பதுக்கு எந்த எண்ணையும் அழுத்தாமல் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஓடினார்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்து பெஞ்சில் வாலு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊசி போடாமல் சாப்பிடுகிறாளா? பக்கத்தில் வகுப்பு டீச்சர் சுவரைப் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றார்.

"உங்களுக்குப் போன் போட்டேன் சார், எடுக்கல. இவ பையில வச்சிருக்கிற இன்னொரு மீட்டரையும் பேனாவையும் எடுத்து... நான் வேண்டாம்னு சொல்றதுக்குள்ள..."

"எரநூத்திப் பதினாலு இருந்துச்சுப்பா" என்றாள் வாலு, வாயில் சோற்றோடு. "அஞ்சு போட்டேன். நீ அப்படித்தான போடுவ?"

அவர் முழங்காலிட்டுப் பேனாவைத் திருப்பிப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். அளவு சரி. சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றில் கடுகளவு ரத்தப் பொட்டு.

"வலிச்சுதா?"

"நீ போட்டாதான் வலிக்கும். ஓடிவந்து அவசர அவசரமா போடுவல்ல."

கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை டிபன் பாக்ஸின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஏழு வயதில் பல் விழ வேண்டும், முட்டியில் சிராய்ப்பு வேண்டும். இதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று நினைப்பு வந்தது. திரும்பிப் போனபோது, இடத்தை விட்டு அனுமதியின்றி அகன்றதற்கான எச்சரிக்கைக் கடிதம் மேசையில் காத்திருந்தது.

அந்தக் கடிதத்தைச் சரவெடிதான் முதலில் படித்தாள். பிரசவ விடுப்பில் போக இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் தேநீர் மெஷின் பக்கத்தில் நின்று, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நேரம் கேட்டு ஒரு மனு எழுதினாள். ஒரே பக்கம், சுற்றி வளைக்காமல். ஒவ்வொருவராக வந்து படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவருக்கு ரத்தம் சுத்திகரிக்கப் போகும் அப்பா. ஒருத்திக்குப் பேச்சு வராத மகன். இன்னொருவரின் மனைவி மாடியிலிருந்து விழுந்து ஆறு மாதமாகப் படுக்கை. பத்து வருஷம் ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். எல்லோரும் ஏதோ ஒரு பொய் எண்ணை அழுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அறுபதில் நாற்பத்தொரு கையெழுத்து. எழுத்தில் மட்டும் கேட்காதீர்கள் என்ற சூப்பர்வைசரும் மூன்றாம் நாள் பேனாவை வாங்கினார். கம்பெனி டாக்டர் தான் முன்பு கொடுத்த சீட்டு எதற்காக என்று உண்மையை எழுதிக் கூடவே இணைத்தார்.

பதிலுக்கு நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் சூப்பர்வைசர் தினமும் கையால் நேரத்தை மாற்றிவிட்டார். தான் வராத நாளில் வேறொருவரிடம் சொல்லிவைத்தார். பொறுமை தினமும் ஓடினார். பாதி நாள் வாலுவே ஊசி போட்டுக்கொள்வேன் என்று அடம் பிடிப்பாள். அவர் அளவை மட்டும் பார்ப்பார். சரவெடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பன்னிரண்டு வாரம் முடிந்து, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வேலைக்குத் திரும்பியவள், காகிதக்கட்டுகள் அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாலெடுத்தாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. வீட்டில் குழந்தையையோ நோயாளியையோ பார்த்துக்கொள்ளும் ஊழியர் நாளொன்றுக்கு முப்பது நிமிஷம் வரை, தனக்கு வேண்டிய நேரத்தில், முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம். சம்பளம் பிடிக்கப்படாது. எண் ஐந்து. சோதனை முறையில் மூன்று மாதத்துக்கு மட்டும்.

மறுநாள் காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது அவர் செய்தியைச் சொல்ல மறந்துவிட்டார். பென்சிலால் அவளுடைய பட்டியலின் ஓரத்தில் எழுதினார். சாயங்காலம் வந்து பார்த்தபோது அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "நல்லது. எங்கள் ஆஸ்பத்திரியில் யார் மனு எழுதுவது?"

புதன்கிழமை பன்னிரண்டு ஐந்துக்குப் பொறுமை ஐந்தை அழுத்தினார். பழக்கத்தில் பின்படிக்கட்டை நோக்கிப் போன கால்களைத் திருப்பி, முன்வாசல் வழியாக இறங்கினார். ஓடவில்லை. நடந்தார். ஒரு வருஷம் ஓடிய தெருவில் ஒரு தையல்கடை இருப்பது அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது. அதை அடுத்து, வாசல் முழுக்கச் செடித்தொட்டி வைத்த ஒரு வீடு. ஓடும்போது தெரியாத அசதியெல்லாம் நடக்கும்போது ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. முட்டியில், இடுப்பில், கண் இமையில். பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால் ஒரு நிமிஷம் சும்மா நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்.

வாலு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்பா, இன்னிக்கு உனக்கு மூச்சே வாங்கல. ஆபீஸை விட்டுட்டியா?"

"இல்லடா. விரலைக் காட்டு."

மூன்று மாதம் முடிந்ததும் அனுமதியைப் புதுப்பிக்க ஒரு படிவம் வந்தது. நோயாளி குணமடைந்துவிட்டாரா, ஆம், இல்லை என்று அதில் ஒரு கேள்வி. ஆயுசுக்கும் உள்ள நோய் என்று மருத்துவர் முதல் தடவையே எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் காட்டியபோது மனிதவள அதிகாரி சங்கடத்தோடு, "எனக்குத் தெரியுது சார். ஆனா ஒவ்வொரு மூணு மாசத்துக்கும் புதுச் சான்றிதழ் வேணும்னு மேல கேக்குறாங்க" என்றார்.

பொறுமை படிவத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மருத்துவரைப் பார்க்கச் சனிக்கிழமை போக வேண்டும். அன்றைக்கு மனைவிக்குக் காலை வேலை. இடத்துக்குப் போய் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினார்.

"வணக்கம். சொல்லுங்கம்மா. குளிரவே இல்லையா? எப்பலேருந்து?"